கொளஞ்சியப்பன் வசம் தோட்டா ஒன்று

நெய்வேலியில் ஒரு மனித உயிரின் விலை முப்பத்தேழு நயா பைசா. பெட்டியோடு எடுத்தால் முப்பத்தைந்துக்குப் படியும்.

பிளாக் பதினொன்று கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்த அப்துல் கபார், ஆயுதக் கிடங்கு ஏட்டையாவிடம் நேரிலேயே கேட்டுத் தெரிந்துகொண்ட விலை இது. ஒரு தோட்டாவின் அடக்கம் அவ்வளவுதான். துப்பாக்கி, அதைப் பிடிக்கிற ஆள், ஆளுக்குச் சம்பளம், அவர் பெல்ட்டுக்குப் பாலிஷ் எல்லாம் சர்க்கார் ஏற்கெனவே போட்டுவிட்ட முதல். சுட்டாலும் சுடாவிட்டாலும் அந்தச் செலவு ஓடிக்கொண்டுதான் இருக்கும். கபாருக்கு எந்தப் பொருளைக் கண்டாலும் அடக்கம் என்ன, எதுவரை இறங்கலாம் என்று தெரிந்தாக வேண்டும். பரங்கிப்பேட்டையில் அவருடைய வாப்பா, பெண் கேட்டுப் போன வீட்டில், பெண்ணுக்குத் தான் தரவேண்டிய மஹரையே பாதிக்குக் கேட்டுப் பார்த்தவர். அந்த வம்சத்தில் பிறந்தவருக்கு விலை தெரியாத பொருள் என்று ஒன்று இருப்பதே அவமானம்.

அறுபத்திரண்டாம் வருஷம் ஆடி மாதம். கபார் கடைக்கு எதிரே நின்ற கம்பத்து விளக்கு நாலு மாதமாக எரியவில்லை. சாயங்கால ஷிப்ட் விட்டு வருகிறவர்கள் இருட்டில் குடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் போய்க்கொண்டிருந்தார்கள். மூன்று முறை புகார் எழுதிப் போட்டாயிற்று. மூன்றுக்கும் கிடைத்த சான்று, புகார் பெறப்பட்டது என்பது மட்டும்.

இந்த நேரத்தில்தான் கொளஞ்சியப்பன் கடைக்குள் வந்து ஒரு டிபன் கேரியரைத் தூக்கிப் பார்த்தான். எலெக்ட்ரிக் கான்ட்ராக்டரிடம் கம்பம் ஏறுகிற வேலை. நாலு வருஷமாகக் கான்ட்ராக்ட்; இந்த வருஷம் பெர்மனென்ட் லிஸ்டில் பெயர் வரப்போகிறது என்று சொல்லியிருந்தார்கள். பெர்மனென்ட் ஆகிறவனுக்கு டிபன் கேரியர் இல்லாமல் எப்படி.

“பன்னெண்டு ரூபாய்க்கு மூணே அடுக்கா? அந்த வெலைக்கு உள்ள சோறும் போட்டுக் குடுக்கணும் பாய்.”

“சோறு உன் பொஞ்சாதி வீரம்மா போடும். நான் டப்பா விக்கிறவன்.”

“பத்து.”

“அந்த விளக்கை எரிய வெச்சிட்டு வா, பதினொண்ணு.”

“நீங்க கம்ப்ளெய்ண்ட் எழுதிக் குடுக்கணுமே.”

“மூணு குடுத்திருக்கேன்.”

“அப்ப அதெல்லாம் மேல போய்கினு இருக்கும். நான் கீழேருந்து ஏறிக்கிறேன்,” என்றான் கொளஞ்சியப்பன். மறுநாள் காலை பதினோரு மணிக்கு, தோளில் கயிறும் சட்டைப் பையில் பல்புமாக வந்து ஏறினான்.

அதே காலையில் அதே கம்பத்துக்குப் பக்கத்திலிருந்த பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. கான்ட்ராக்ட் ஆட்கள் ஏதோ கேட்கப்போவதாக அதிகாரிகளுக்குத் தகவல் வந்திருந்தது. என்ன கேட்கப்போகிறார்கள் என்பது தகவலில் இல்லை. ஆகவே ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ ஓரிடத்தில் கூடக் கூடாது என்று தடையுத்தரவு. மொத்தக் கடைத்தெருவுக்கும் ஒரே ஒரு தாள். எழுத்து கடுகு அளவு.

தாளைப் படிக்க ஆட்கள் வந்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள், படிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் வந்து நின்றார்கள். ஐந்து பேர் கூடக் கூடாது என்று ஒருவர் உரக்கப் படிக்க, சுமார் நூற்றிருபது பேர் சூழ்ந்து நின்று கவனமாகக் கேட்டார்கள். பின்னால் இருந்தவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பதால் மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னார்கள்.

இரண்டாம் வாசிப்பு பாதியில் இருக்கும்போது வேன் வந்து நின்றது. ஆறு கான்ஸ்டபிள்கள், ஆறு துப்பாக்கிகள், இன்ஸ்பெக்டர் வேணு, கூடவே ஒரு சப்-மாஜிஸ்திரேட். மூன்று முறை எச்சரிக்க வேண்டும் என்பது விதி. மாஜிஸ்திரேட் ஒலிபெருக்கிக் குழலை வாயில் வைத்து மூன்று முறை எச்சரித்தார். குழலுக்குள் பேட்டரி இல்லாததால் அந்த மூன்றும் அவருக்கு மட்டுமே கேட்டன. ஆனால் துப்பாக்கிகளைப் பார்த்ததுமே ஜனங்கள் கலைந்துவிட்டார்கள். இரண்டு நிமிஷத்தில் தெரு காலி. சட்டத்துக்கு இவ்வளவு சீக்கிரம் கீழ்ப்படிகிற கூட்டத்தை அந்த மாஜிஸ்திரேட் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்ததைக் கபார் கடைக்குள்ளிருந்தே கவனித்தார்.

சிக்கல் என்னவென்றால், சுடுவதற்கான உத்தரவு வரும் வழியிலேயே, வேனுக்குள், மணி போட்டுக் கையெழுத்தாகிவிட்டது. கையெழுத்தானதை ரத்து செய்ய மூன்று நகல் எடுத்து மூன்று பேருக்கு விளக்கம் எழுத வேண்டும். சுட்டால் ஓர் அறிக்கை போதும்.

“எத்தனை பேர் இருக்கான் பாரும்,” என்றார் மாஜிஸ்திரேட்.

இன்ஸ்பெக்டர் எண்ணினார். கடைக்குள் கபார் ஒன்று. குடம் வாங்க வந்து மாட்டிக்கொண்ட நெல்லிக்குப்பத்துப் புருஷன் பெண்சாதி இரண்டு. தடையுத்தரவை ஒட்டிவிட்டுப் பசை வாளியோடு நின்ற ஆள் ஒன்று.

“நாலு சார்.”

“நாலா? நாலுக்குச் சட்டம் இல்லையே.”

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். கம்பத்து உச்சியில் கொளஞ்சியப்பன் இடுப்பில் கயிறு சுற்றிக்கொண்டு பல்பைத் திருகிக்கொண்டிருந்தான். கீழே நடப்பது அவன் வேலை இல்லை.

“அஞ்சு சார்,” என்றார் இன்ஸ்பெக்டர்.

ஆறு துப்பாக்கியும் ஒரே நேரத்தில் வெடித்தன. குடங்கள் எல்லாம் ஒரு முறை அதிர்ந்து அடங்கின. கொளஞ்சியப்பன் கயிறு உரச மெள்ள மெள்ள வழுக்கிக் கீழே வந்தான். கடைசி நாலடி இருக்கும்போது கபார் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டார். வேட்டி இடப்பக்கம் நனைந்துகொண்டிருந்தது.

“பாய், இடுப்புல ஏதோ சுருக்குனுச்சு,” என்றான் அவன். பிறகு, “பல்பு மாட்டிட்டேன். சாயங்காலம் எரியுதானு பாத்துக்குங்க.”

அன்று சாயங்காலம் விளக்கு எரிந்தது.

ஒரு மாதம் கழித்து விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி கூலிங் கிளாஸைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். கபார் மூன்றாவது சாட்சி.

“சட்டவிரோதக் கூட்டத்தில் எவ்வளவு நேரம் இருந்தீர்?”

“என் கடைக்குள்ள இருந்தேன் சார். நாலு வருஷமா அங்கதான் இருக்கேன்.”

“நாலு வருஷமாகக் கூட்டத்தில் இருந்ததாகச் சாட்சி ஒப்புக்கொள்கிறார்,” என்று அதிகாரி குமாஸ்தாவுக்குச் சொன்னார். “எச்சரிக்கை கேட்டதா?”

“கேக்கலை சார். குழலு வேலை செய்யலை.”

“எச்சரிக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி. கேட்டதா என்பது உம்முடைய காதைப் பற்றிய விஷயம்.”

தன் காதைப் பற்றித்தான் அவர் கேட்டார் என்று கபாருக்கு ஞாபகம். அதைச் சொல்வதற்குள் அடுத்த சாட்சியாக இன்ஸ்பெக்டர் வேணு வந்துவிட்டார். விறைப்பாக நின்று, குறைந்தபட்ச பலம்தான் பிரயோகித்தோம் என்றார். ஆறு பேர், ஆறு துப்பாக்கி, ஆளுக்கு ஒரு ரவுண்டு. ஒன்றுக்குக் குறைவாகச் சுட அந்தத் துப்பாக்கியில் வசதி கிடையாது. ஆறும் வானத்தை நோக்கித்தான் சுடப்பட்டன. இடுப்புக்குக் கீழே சுட வேண்டும் என்பது நிலையான உத்தரவு, அதுவும் கடைப்பிடிக்கப்பட்டது. சம்பந்தப்பட்ட நபரின் இடுப்பு தரையிலிருந்து பதினெட்டடி உயரத்தில் இருந்ததற்குப் போலீஸ் பொறுப்பல்ல.

ஒரு சரக்கை வியாபாரி இரும்பு என்றும் சொல்லலாம், பித்தளை என்றும் சொல்லலாம். ஒரே வாயால் ஒரே வாடிக்கையாளரிடம் இரண்டும் சொல்லி இரண்டுக்கும் காசு வாங்கியதைக் கபார் பார்த்ததில்லை.

விசாரணை அதிகாரி வாங்கிக்கொண்டார். அறிக்கையை அவரே படித்தார். “வானத்தை நோக்கிச் சுட்டதால் யாரும் சுடப்படவில்லை என்று தெரிகிறது. இடுப்புக்குக் கீழே பட்டிருப்பதால் முறைப்படியே சுடப்பட்டிருக்கிறது என்றும் தெரிகிறது. யாரும் இறக்கவில்லை, ஆகவே உயிரைப் பறிக்கும் பலம் பிரயோகிக்கப்படவில்லை. சர்க்கார் சுடுவதென்றால் ஜனங்களின் உயிரைக் காப்பாற்றத்தான் சுடுகிறது. இங்கே ஒரு உயிரும் போகவில்லை என்பதே சுட்டதால் ஏற்பட்ட பலன். கடைசியாக, கொளஞ்சியப்பன் என்பவர் ஐந்தாவது நபராகக் கம்பத்தில் இல்லாதிருந்தால் இந்தத் துப்பாக்கிச் சூடு சட்டவிரோதமாகியிருக்கும். அவர் இருந்தது பெரிய ஆறுதல்.”

ஐந்தாவது நபர் என்று அறிக்கையில் ஏறியதால் கொளஞ்சியப்பன் போலீஸ் பதிவேட்டில் கலகக்காரன் நம்பர் ஐந்து ஆனான். கலகக்காரனைப் பெர்மனென்ட் ஆக்க முடியாது என்று லிஸ்டிலிருந்து பெயரை எடுத்தார்கள். கான்ட்ராக்டரும் நிறுத்திவிட்டார். இடுப்பில் தோட்டாவோடு கம்பம் ஏற முடியாது என்பது அவர் சொன்ன காரணம். அந்த ஊரில் தோட்டா உள்ளே இருப்பதை முதலில் ஒப்புக்கொண்டவர் அவர்தான், அதுவும் சம்பளத்தை நிறுத்துவதற்காக.

தோட்டாவை எடுத்துவிடலாம் என்று கபார் கிளம்பினார். கொளஞ்சியப்பன் கம்பம் ஏறியது ஒரு ரூபாய்த் தள்ளுபடிக்காக என்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. கடலூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பெலும்பை ஒட்டி, சாமி மாடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல அது உட்கார்ந்திருந்தது. எடுக்கலாம், ஆனால் போலீஸ் கடிதம் வேண்டும் என்றார் டாக்டர். போலீஸில் போய்க் கேட்டால், தோட்டா எதுவும் யார் உடம்பிலும் இல்லை என்று விசாரணையில் முடிவாகிவிட்டது. இல்லாத தோட்டாவை எடுக்க எப்படிக் கடிதம் தருவது என்றார்கள். தனியார் டாக்டர் ஒருவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இரு மடங்கு கொடுத்தாலும் வேண்டாம் என்றார். கபாரின் வாழ்க்கையில் இரு மடங்கை மறுத்த முதல் மனிதர்.

எக்ஸ்ரே எடுத்த ஆஸ்பத்திரி, வழக்கப்படி ஒரு தகவலை ஆயுதக் கிடங்குக்கும் அனுப்பியிருந்தது. ஒரு நாள் மத்தியானம் துணியில் சுற்றிய பெரிய புஸ்தகத்தோடு கிடங்கு ஏட்டு குஞ்சிதபாதம் கடைக்கு வந்தார். சிதம்பரத்துக்காரர். இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு தோட்டாகூட அவர் கையில் குறைந்ததில்லை. கொளஞ்சியப்பன் அப்போது கடையில்தான் இருந்தான். பாத்திரம் துலக்கி அடுக்குகிற வேலையைக் கபார் அவனுக்குக் கொடுத்திருந்தார்.

“ஆறு ரவுண்டு சுட்டது. காலிக் கூடு ஆறும் வந்துடுச்சு,” என்றார் குஞ்சிதபாதம். “அஞ்சு தோட்டா வானத்துல செலவு. அது சரி, வானத்துல யாரு போய்த் தேடுறது, தள்ளுபடி. ஆனா ஒண்ணு இருக்கிற எடம் தெரிஞ்சுபோச்சே. எடம் தெரிஞ்ச சர்க்கார் சொத்தத் தள்ளுபடி பண்ண ரூல் கெடையாது பாய்.”

“அப்ப எடுத்துக்குங்க ஏட்டையா,” என்றான் கொளஞ்சியப்பன் ஆவலாக. “இன்னிக்கே எடுத்துக்கினு போங்க.”

“எடுக்க எனக்கு அதிகாரம் இல்லப்பா. அது மருத்துவ இலாகா. நான் இருக்குதானு பாக்கலாம், அவ்வளவுதான்.”

பார்த்தார். கொளஞ்சியப்பனைத் திரும்பி நிற்கச் சொல்லி, கட்டை விரலால் இடுப்பில் அழுத்தினார். அவன் கத்தியதும் திருப்தியோடு புஸ்தகத்தில் எழுதினார்: ‘வெளியிருப்பு. தோட்டா ஒன்று. இருக்குமிடம்: கொளஞ்சியப்பன், இடது இடுப்பு.’

இந்த வரியைக் காட்டிக் கடிதம் வாங்கிவிடலாம் என்று கபார் அன்றே விசாரணை அதிகாரியிடம் ஓடினார். அவர் பொறுமையாக விளக்கினார். ஆயுதக் கிடங்கில் இருப்பது சாமான் கணக்கு. தன்னுடையது சட்ட விஷயம். சாமான் கணக்கில் தோட்டா இருக்கிறது, சட்டத்தில் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்வது படிக்காதவர்கள் செய்கிற தவறு.

ஒவ்வொரு வருஷமும் மார்ச் முப்பத்தொன்றாம் தேதி இருப்பு சரிபார்க்கிற நாள். அன்று காலை கொளஞ்சியப்பன் குளித்து, சட்டையை மாற்றிக்கொண்டு, ஆயுதக் கிடங்கு வாசலில் போய் நிற்பான். துப்பாக்கிகளை எண்ணி, பெட்டிகளை எண்ணி, கடைசியில் அவனைக் கூப்பிடுவார்கள். குஞ்சிதபாதம் அழுத்துவார்.

“இருக்குதா?”

“இருக்குதுங்க ஏட்டையா. மழ வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே சொல்லிடுது.”

‘சரிபார்க்கப்பட்டது’ என்று கையெழுத்தாகும். முதல் வருஷம் சென்னையிலிருந்து வந்த ஆடிட்டர் ஒருவர் ஆட்சேபம் எழுப்பினார். தோட்டாக்கள் உலர்ந்த இடத்தில் வைக்கப்பட வேண்டும். இது வைக்கப்பட்டிருக்கும் இடம் உலர்ந்ததுதானா? குஞ்சிதபாதம் தடுமாறி, ஏரியில் இறங்கி முழுகக் கூடாது என்று கொளஞ்சியப்பனிடம் எழுதி வாங்கிக்கொண்டார். இன்னொரு வருஷம் தைப்பூசத்துக்கு வடலூர் போக வேண்டும் என்றான். எல்லை தாண்டிச் சர்க்கார் சொத்தைக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு தேவை. ‘தோட்டா ஒன்று, கொளஞ்சியப்பனுடன், வடலூர் சென்று ஜோதி தரிசனம் முடித்து அன்றே திரும்ப’ என்று சீட்டு போட்டுக் கொடுத்தார். வீரம்மாள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வழியில் யாரும் கேட்கவில்லை.

அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. நகரியத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகிற வீடுகளில், “உன் வூட்டுக்காரர் கலாட்டா கேஸாமே,” என்று கேட்பார்கள். அதை மட்டும் அவளால் செரிக்க முடியவில்லை.

“பாய், ஒரே ஒரு வரி எழுதி வாங்கித் தர முடியுமா,” என்று ஒரு நாள் கேட்டாள். “இவரு கலாட்டா பண்ணல, நாங்கதான் சுட்டோம்னு. காசு எதுவும் வேணாம்.”

“காசு கேட்டா குடுத்தாலும் குடுப்பான் வீரம்மா. வரி குடுக்க மாட்டான்,” என்றார் கபார். ஆனாலும் கேட்டார். ஏழு அலுவலகம், பதினெட்டு மனு. பதினெட்டுக்கும் கிடைத்த சான்று, மனு பெறப்பட்டது என்பது மட்டும்.

அறுபத்தைந்தாம் வருஷம் ஐப்பசி மழை பிடித்தபோது தோட்டா வழக்கம்போல முன்கூட்டிச் சொல்லவில்லை. ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தது நகர்ந்துவிட்டது. இடுப்பு வீங்கியது. ஜுரம் ஏறியது. ஆஸ்பத்திரியில் அதே கடிதத்தைக் கேட்டார்கள். நாலாம் நாள் கொளஞ்சியப்பன் போய்விட்டான். ஜுரத்தால் என்று எழுதிக் கொடுத்தார்கள். போவதற்கு முன் கபாரைக் கூப்பிட்டு, கடனுக்கு எடுத்த டிபன் கேரியர் பதினோரு ரூபாய் நிற்கிறது, பெர்மனென்ட் ஆகிவிட்டுத் தருவதாக இருந்தேன் என்று சொன்னான்.

எரித்தார்கள். மறுநாள் காடாத்து, சாம்பலில் பால் தெளித்து எலும்பு பொறுக்குகிற சடங்கு. வீரம்மாளின் தம்பி சின்னதுரை குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தான். கபார் சற்றுத் தள்ளிக் குடையோடு நின்றார். அவருக்குப் பக்கத்தில், துணியில் சுற்றிய புஸ்தகத்தை மழை படாமல் மார்போடு அணைத்துக்கொண்டு குஞ்சிதபாதம். அவர் நிஜமாகவே அழுதிருந்தார். மூன்று வருஷம் அழுத்திப் பார்த்த இடுப்பு. ஆனால் அந்த மாதக் கடைசியில் அவருக்கு ரிடையர்மென்ட். புஸ்தகத்தில் ஒரு தோட்டா குறைந்தால் பென்ஷன் நிற்கும்.

“பாய்,” என்றான் சின்னதுரை. எலும்புகளுக்கு நடுவே கறுத்துப்போன சின்னக் கூம்பு ஒன்று கிடந்தது.

ஏட்டையாவின் கை நீளுவதற்கு முன்பு கபாரின் கை நீண்டது. உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். உலோகத்தில் வளர்ந்த கை. “மேல் தகடு மட்டும்தான் இருக்கு ஏட்டையா. உள்ள இருந்த காரீயம் உருகி ஓடிடுச்சு.”

“எவ்வளவு இருக்கோ குடுங்க பாய்.”

“முதல்ல ரசீது.”

குஞ்சிதபாதம் குடைக்குக் கீழே வந்து எழுதினார். ‘தோட்டா ஒன்று, எடைக் குறைவுடன், பெற்றுக்கொண்டேன்.’

“எங்கேருந்து பெத்தீங்க?”

“சுடுகாட்டுலேருந்துனு போட்டுர்றேன்.”

“சுடுகாட்டுல தோட்டா வெளையுதா?”

“சரி, சாம்பல்லேருந்து.”

“யார் சாம்பல்?”

“கொளஞ்சியப்பன் சாம்பல். போதுமா?”

“சாம்பல்ல யாராவது வந்து போட்டுட்டுப் போனாங்களா ஏட்டையா?”

குஞ்சிதபாதம் பேனாவை உதறினார். “பாய், இடுப்புனு ரசீதுல போட்டா மேல கேப்பாங்க. கொளஞ்சியப்பன் வசம்னு போடுறேனே. கௌரவமா இருக்கும்.”

“மூணு வருஷமா உங்க புஸ்தகத்துல இடுப்புனுதானே இருக்கு. புஸ்தகத்துல ஒண்ணு, ரசீதுல ஒண்ணா?”

அந்த இடத்தில் அடி சரியாக விழுந்தது. இரண்டு பதிவு ஒத்துப்போகாமல் இருப்பதை அந்த மனிதரால் தாங்க முடியாது. இடுப்பு என்று எழுதினார்.

“அந்த இடுப்புக்குள்ள அது எப்படிப் போச்சு?”

“அது என்னால ஆகாது.”

கபார் தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குடையைச் சாய்த்து, நடக்க ஆரம்பித்தார். விலை படியாமல் இறங்கிப் போகிற வாடிக்கையாளர்களை அவர் ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறார். எந்த இடத்தில் கூப்பிட வேண்டும் என்பது வியாபாரிக்குத் தெரியும். பத்தடிக்குள் கூப்பிட்டால் அவசரம் தெரிந்துவிடும், இருபதைத் தாண்டினால் போய்விடுவான். குஞ்சிதபாதத்துக்கு வியாபாரம் தெரியாது. ஆறாவது அடியிலேயே கூப்பிட்டுவிட்டார்.

‘சர்க்கார் துப்பாக்கியால் சுடப்பட்டு, கொளஞ்சியப்பன் இடது இடுப்பில் மூன்று வருஷம் மூன்று மாதம் இருந்து, அவர் மரணத்துக்குப் பின் கிடைத்த தோட்டா ஒன்று, எடைக் குறைவுடன், பெற்றுக்கொண்டேன்.’ கையெழுத்து, தேதி, முத்திரை. புஸ்தகத்திலும் ஏற்றினார். வழங்கியது ஆறு, வானத்தில் செலவு ஐந்து, வரவு ஒன்று. நேர்.

ரசீதை எடுத்துக்கொண்டு கபார் மறுபடி ஏழு அலுவலகமும் ஏறினார். ஏழிலும் ஒரே பேச்சு. ரிடையர் ஆன ஏட்டு எழுதிய துண்டுச் சீட்டு விசாரணை அறிக்கையை மாற்றாது. முத்திரை கிடங்கு முத்திரை. அது சாமானுக்குத்தான் செல்லும், மனுஷனுக்குச் செல்லாது.

வீரம்மாளிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் இரண்டு மாதம் ஓட்டினார். அப்புறம் ஒரு நாள் அவளே கடைக்கு வந்தாள். கையில் நீளமான பழுப்பு உறை. பதிவுத் தபால், சென்னையிலிருந்து, சிங்க முத்திரையோடு. “கையெழுத்து கேட்டாரு, ரேகை வெச்சேன். என்னானு பாருங்க பாய்.”

கபார் படித்தார். படிக்கப் படிக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அந்த ஆடிட்டர்தான். எடைக் குறைவு என்ற சொல் அவரைத் தூங்கவிடவில்லை. ‘மேற்படி தேதியில் சர்க்கார் துப்பாக்கியால் சுடப்பட்டு, மேற்படி கொளஞ்சியப்பன் இடுப்பில் தங்கி, அவர் மரணம் வரை அவர் பொறுப்பில் இருந்த தோட்டாவில் ஏழு கிராம் காரீயம் குறைகிறது. மேற்படியார் கலகக்காரராகப் பதிவாகியிருப்பினும், பணியின் நிமித்தம் கம்பத்தில் இருந்தவர் என்பதை அறிக்கையே காட்டுவதால், அவர் சர்க்கார் சொத்தின் காப்பாளராகவே கருதப்பட வேண்டும். ஆகவே காரீயத்தின் விலையும் பன்னிரண்டரை சதவீத மேற்பார்வைச் செலவும் சேர்த்து, மூன்று பைசாவை வாரிசு செலுத்த வேண்டியது.’ நயா என்ற சொல்லைச் சர்க்கார் இதற்குள் எடுத்துவிட்டிருந்தது.

கபார் கல்லாவைத் திறந்து மூன்று பைசாவை எடுத்தார். “இந்தாம்மா, மணியார்டர் கமிஷன்தான் இதைவிட ஜாஸ்தி. இன்னிக்கே கட்டித் தொலைச்சிடலாம்.”

“இன்னொரு தடவ படிங்க பாய். அந்த மொத வரிய.”

படித்தார்.

“நாங்க சுட்டோம்னு போட்டிருக்குதா?”

“போட்டிருக்கு.”

“வேலையா ஏறினவருனு?”

“அதுவும்.”

“மெட்ராஸ்காரங்க முத்திரையா?”

“சிங்கம் மூணும் இருக்கு.”

வீரம்மாள் எதிர்க் கம்பத்தைப் பார்த்தாள். “இந்த மூணு பைசாவக் கட்டிட்டா?”

“கணக்கு தீர்ந்துடும். அப்புறம் எழுத மாட்டான்.”

“கட்டலேன்னா?”

“வருஷா வருஷம் நினைவூட்டு வரும். பாக்கி நிக்கிற வரைக்கும் விட மாட்டான்.”

“இதே மாதிரியா? மொதல்லேருந்து எல்லாத்தையும் எழுதியா?”

“மேற்படி மேற்படின்னு அத்தனையும் திரும்ப எழுதித்தான் ஆகணும். ரூல் அப்படி.”

அவள் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கி மடித்தாள். மூன்று பைசாவைக் கல்லாப் பக்கம் தள்ளிவிட்டாள். “பாக்கி இருக்கட்டும் பாய்,” என்றாள். “எழுதிகினே இருக்கட்டும்.”

அவள் போன பிறகு கபார் அந்த மூன்று பைசாவைக் கல்லாவில் திரும்பப் போட்டார். பேரம் என்றால் என்னவென்று தனக்குத் தெரியும் என்று நாற்பத்தாறு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தவர். பிறகு கடன் புஸ்தகத்தில் கொளஞ்சியப்பன் பக்கத்தைத் திருப்பினார். அந்தப் பக்கத்தில் அதற்குப் பின் வருஷா வருஷம் ஒரு கடிதம் கூடிக்கொண்டே வந்தது. அறுபத்தொன்பது மார்ச் முடிய அது இப்படி நின்றது:

டிபன் கேரியர் ஒன்று, ரூபாய் பதினொன்று. தள்ளுபடி.

கம்பத்து விளக்கு ஒன்று. எரிகிறது.

வீரம்மாளுக்குச் சர்க்கார் எழுதிய பதிவுக் கடிதம் நாலு. தபால் செலவு, சர்க்கார் கையிலிருந்து, ரூபாய் மூன்று.

சர்க்காருக்கு வீரம்மாள் தரவேண்டியது, பைசா மூன்று.

வீரம்மாளுக்குச் சர்க்கார் தரவேண்டியது, ஆள் ஒன்று.

இரண்டும் பாக்கி.